மீந்த அப்பம்

காலை நிறுத்தினால் சத்தமும் நின்றுவிடும். அந்தப் பழைய பெடல் ஆர்கனின் குணம் அப்படி. இடது கால், வலது கால் என்று மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தால்தான் உள்ளே துருத்தியில் காற்று இருக்கும். விரல் எத்தனை நயமாக அழுத்தினாலும் கால் ஓய்ந்தால் கட்டைகள் ஊமைதான். வில்பிரட் மிதித்துக்கொண்டிருந்தார். புது வருடத்தின் முதல் காலை. பிரசங்கம் முடிந்து, பாவ அறிக்கை முடிந்து, ஆராதனை நற்கருணைக்கு வந்திருந்தது. குருவானவரை ஐயர் என்றுதான் அந்தப் பக்கத்துச் சபைகளில் சொல்வார்கள். கிதியோன் ஐயர் அப்பத் தட்டைக் கையில் எடுத்துவிட்டார், ஜனங்கள் பெஞ்சு பெஞ்சாக எழுந்து பீடத்துக்கு முன்னாலிருக்கும் மரக் கிராதியில் வரிசையாக முழங்கால் போட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி ஆள் வாங்கி முடிக்கும்வரை மெல்ல எதையாவது வாசித்துக்கொண்டிருப்பது வில்பிரட்டின் வேலை. ஆர்கன் சுவரைப் பார்த்து நிற்பதால் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரிய அதன் தலையில் ஒரு கண்ணாடி உண்டு. சட்டம் போட்ட பழைய கண்ணாடி உடைந்தபோது, கமிட்டி வாங்கித் தரும் தரும் என்று பார்த்துவிட்டு, அவரே ஒரு ஸ்கூட்டர் கண்ணாடியை வாங்கிக் கம்பி வைத்துக் கட்டிவிட்டார். கொஞ்சம் புடைத்த கண்ணாடி. கோயில் முழுவதும் அதில் அடங்கும், ஆனால் எல்லாரும் சின்னதாக, எட்டாத தூரத்தில் இருப்பதுபோலத் தெரிவார்கள். அது அவருக்கு வசதியாகத்தான் இருந்தது. மடிப்புக் கலையாத புதுச் சேலைகள் தெரியும், குனிந்த தலைகள் தெரியும். நீட்டிய உள்ளங்கைகள் தெரியாது, வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களின் முகம் தெரியாது. தங்கை தொற்காள் இறந்த வருடத்திலிருந்து அவர் அந்தக் கிராதியில் முழங்கால் போடவில்லை. இந்தக் கோயிலில் ஒருவருக்கும் அது உறைத்ததில்லை. வாசிக்கிறவன் எப்படி எழுந்து போவான்.

அதுதான் இந்த ஸ்டூலில் உள்ள சௌகரியம். வேறு எவனாவது நற்கருணைக்குப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் பக்கத்துப் பெஞ்சு பார்க்கும், அடுத்த பெஞ்சு கேட்கும், மத்தியானச் சாப்பாட்டுக்குள் தெரு அவனுக்கு ஒரு பாவத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். ஆர்கன் வாசிக்கிறவனை ஒருவரும் கேட்பதில்லை. கேட்காதது மட்டுமல்ல, மெச்சவும் செய்தார்கள். நமக்காகத் தன் பங்கையே விட்டுக்கொடுத்து வாசிக்கிற மனுஷன் என்று கமிட்டிச் செயலாளர் லாசர் அண்ணாச்சி சபைக் கூட்டத்தில் எழுந்து பேசியபோது கைதட்டினார்கள், வில்பிரட் தலையைக் குனிந்துகொண்டார், அதையும் தாழ்மை என்றார்கள். முந்தைய ஐயர் ஒரு தடவை, ஆராதனை முடிந்து அங்கியைக்கூடக் கழற்றாமல், உங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், உள்ளறைக்கு வாங்க சார் என்று கூப்பிட்டார். வெறும் வயிற்றோடு வாங்குவது அங்கே பழைய குடும்பங்களின் வழக்கம். வில்பிரட் சட்டென்று, சாப்பிட்டுவிட்டேன் ஐயா, மாத்திரை போடணுமே என்றார். பொய்யில்லை, அன்றைக்கு உண்மையாகவே இட்லி சாப்பிட்டிருந்தார். அதன் பிறகு நற்கருணை உள்ள ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்குப் புறப்படுமுன் எதையாவது வாயில் போட்டுக்கொள்வது பழக்கமாகிவிட்டது. ஒரு வாழைப்பழம், அதுவும் இல்லையென்றால் ஒரு ரஸ்க். பொய் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சாப்பிட்டார். எதில் ஜாக்கிரதையாக இருக்கிறான் பார் என்று அவருக்கே சில நாள் சிரிப்பு வரும். இன்று காலையில் சாப்பிட்டது முந்திரிக்கொத்து. பாசிப்பயற்று மாவும் வெல்லமும் கடைவாய்ப் பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாக்கு வேண்டாம் வேண்டாமென்றாலும் அங்கேயே போய்ப் போய்த் துழாவியது. அதைக் கொண்டுவந்தவள் எமீமா. கண்ணாடியின் வலது ஓரத்தில், தூணுக்குப் பக்கத்து பெஞ்சில், அவள் சபை வழக்கப்படி நகையில்லாத கழுத்தும் வெள்ளைச் சேலையுமாகச் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தெரிகிறாள். தொற்காளின் மகள்.

இந்தக் கிதியோன் ஐயர் சின்னப் பையன், வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நற்கருணைக்கு முன்னால் எல்லா ஐயரும் சொல்வதுதான்: யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் அவரிடம் போய்ச் சரிசெய்துவிட்டுப் பிறகு வாருங்கள் என்பது. சொல்லிவிட்டு அடுத்த ஜெபத்துக்குப் போய்விடுவார்கள், அதுதான் நாகரிகம். இவரோ இன்று சொல்லிவிட்டு நின்றார். வருடம் மாறிவிட்டது, நாம் மாறினோமா. மனந்திரும்புதல் அழுகை இல்லை, திரும்பி நடப்பது. இப்போதே எழுந்து நடங்கள், நான் காத்திருக்கிறேன் என்று கைகட்டி நின்றுவிட்டார். கோயிலில் செருமல்கள். பிறகு பெஞ்சுகள் கிறீச்சிட்டன. போன கமிட்டித் தேர்தலில் ஒருவர் தலையை ஒருவர் உடைக்கப் போன இரண்டு சம்பந்திகள் நடுவழியில் வந்து கட்டிக்கொண்டார்கள். வருடா வருடம் இப்படி எங்கேயாவது வைத்துக் கட்டிக்கொள்கிறவர்கள்தான், பொங்கலுக்குள் மறுபடி முறைத்துக்கொள்வார்கள். கிழவிகள் முத்தமிட்டுக்கொண்டார்கள். லாசர் அண்ணாச்சி நாலு பக்கமும் திரும்பி எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார். வில்பிரட் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடம் நடப்பது. அவர் தேடிப் போகவேண்டிய ஆள் பைபாஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஊர்ப் பொது இடுகாட்டில், உடைமரங்களுக்கு நடுவில் கிடக்கிறாள். செத்தவளிடம் போய் என்னத்தைச் சரிசெய்வது. இந்த வாதத்தை அவர் வெகு காலமாக வைத்திருந்தார். நல்ல கெட்டியான வாதம், பழைய இரும்புப் பெட்டிபோல. ஆனால் இன்று அது சரியாக மூடவில்லை, ஏனென்றால் கண்ணாடியின் வலது ஓரத்தில் தொற்காளின் நெற்றி உயிரோடு உட்கார்ந்திருந்தது.

தொற்காள் இந்தக் கோயிலின் குரல். பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று அவள் ஒரு கீர்த்தனையை எடுத்தால் பின்வரிசைக் கிழவர்கள் பொடிமட்டையை மடியில் வைத்துவிடுவார்கள். அண்ணன் ஆர்கனில், தங்கை குழுவில். அப்பா அந்தப் பெருமையிலேயே செத்தார். பிறகு அவள் புருஷன் போகிற பெந்தெகொஸ்தே சபைக்கு அவளும் போனாள். குழந்தையில் இங்கே கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லி, தாமிரபரணியில் இறங்கி முழுக்கு எடுத்தாள். இங்கே பெயரை நீக்கினார்கள். நீக்கியதைவிட வில்பிரட்டுக்கு வலித்தது வேறு. ஒரு சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரே அவள் சபையின் கூரைக் கொட்டகையிலிருந்து அவள் குரல் கேட்டது, தப்பட்டையும் கைத்தட்டுமாக, அவர் சொல்லிக்கொடுத்த இடங்களில் எல்லாம் மூச்சு எடுத்து, அவர் இல்லாமல் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தாள். அவர் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்டார், கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே போனார். ஏன் இப்போது அந்த பஸ் நிறுத்தம். விரல் வேறு சுரத்துக்குப் போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை, இழுத்துக்கொண்டுவந்து சேர்த்தார். கிராதியில் இரண்டாவது வரிசை எழுந்து மூன்றாவது வரிசை முழங்கால் போட்டது. கால்கள் மிதித்தன. ஆஸ்பத்திரியில் அவள் கட்டில் ஜன்னலோரம். உதடு வெடித்திருந்தது, அவர் பஞ்சைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வைத்தார். புருஷன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். எமீமா அப்போது வெளியூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அறையில் வேறு ஆளில்லை. அண்ணன், என்றாள். நம்ம ஐயரக் கூட்டிட்டு வாரியளா. நம்ம கோயில் நற்கருணை ஒருதடவ வாங்கணும் போல இருக்கு.

பண்டிகை முடியட்டும்ளா, கூட்டிட்டு வாரேன், என்றார் அவர். பாட்டுப் பயிற்சி நடக்கு, மூச்சுவிட நேரமில்ல. அவள் அந்த வெடித்த உதட்டோடு சிரித்தாள். டெனர்காரனுவ இந்த வருசமும் இழுக்கானுவளாக்கும், என்றாள். ஆண்குரல்காரர்கள் எப்போதும் கொஞ்சம் பின்தங்குவார்கள், அது அவர்கள் இருவருக்கும் உள்ள பழைய கேலி. அவரும் சிரித்துவிட்டு வந்தார். கேரல் ஆராதனை அந்த வருடம்போல அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை என்றார்கள். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மறுநாள் விடியற்காலையில் அவள் போய்விட்டாள். அவளுடைய சபைக்குச் சொந்தமாகக் கல்லறை நிலம் இல்லை. அவள் புருஷன் தயங்கித் தயங்கி இந்தக் கோயில் வாசலில் வந்து நின்றார், அவளுடைய அம்மா அப்பா பக்கத்தில் வைக்க இடம் கொடுப்பீர்களா என்று. நீக்கப்பட்டவர்களுக்கு இடமில்லை என்பது விதி. கடைசியில் மனந்திரும்பித் தாய்ச்சபைக்கு வர விரும்பினார்கள் என்று நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் சொன்னால் கொடுக்கலாம் என்பதும் விதி. ஆராதனை அங்கிகள் தொங்குகிற உள்ளறையில் கமிட்டி கூடியது. ஒருவரும் அவளுக்கு விரோதமாக இல்லை. எல்லாரும் அவளுக்கு இடம் கொடுக்கத்தான் கூடியிருந்தார்கள், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வில்பிரட் உள்ளே வரட்டும் என்று நிற்கிறவர்கள்போல. லாசர் அண்ணாச்சி அவர் தோளைத் தொட்டார். ஒரு வார்த்தை போதும் வில்பிரட்டு. கடைசில நம்ம கோயிலுக்குத் திரும்பணும்னு தங்கச்சி கேட்டுச்சா. மேலே காற்றாடி ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து சுற்றியது. அவர் அதைப் பார்த்தார். ஆம் என்றால் அடுத்த கேள்வி வரும் என்பதைப் பார்த்தார். எப்போ கேட்டா. நீ ஏன் எங்ககிட்ட சொல்லல. தினம் சாயங்காலம் பயிற்சிக்கு நடுவில் அப்போதிருந்த ஐயர் தாமே கிளாசில் தேநீர் கொண்டுவந்து இந்த ஆர்கன் மேல் வைப்பார். அவரிடம் சொல்ல இரண்டடி நடக்கவேண்டியதுகூட இல்லை, திரும்பினால் போதும். அப்படி ஒண்ணும் கேக்கலையே அண்ணாச்சி, என்றார் வில்பிரட். பொன்னாடை அப்போது வீட்டு நாற்காலியில் மடித்தபடி இருந்தது.

கிராதியில் இப்போது பெண்கள் பக்கம். அம்மா ஒரு கதை சொல்வாள். மனதில் வஞ்சத்தை வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கிய ஒருவனுக்கு அப்பத்தை மெல்லும்போதே வாய் கோணிப்போயிற்றாம், சாகும்வரை ஒரு பக்கமாகவே பேசினானாம். தொற்காளும் அவரும் சின்ன வயதில் வாயைக் கோணிக்கொண்டு ஒரு பக்கமாகப் பேசி விளையாடுவார்கள். வாய் கோணிப்போகும் என்றா பயந்தார்? படித்தவர், அப்படிச் சொல்லிக்கொள்ள வெட்கம். ஆனால் அவள் போன மறு வாரம் வந்த புது வருட ஆராதனையில் இதே ஸ்டூலில் இருந்தபோது கால் எழவில்லை என்பது நிஜம். அடுத்த மாதம் போகலாம் என்று நினைத்தார். அடுத்த மாதம் போனால் போன மாதம் ஏன் போகவில்லை என்று ஆகிவிடும்போலிருந்தது. அதற்கு அடுத்த மாதம் இன்னும் கஷ்டம். ஒரு பொய் நிற்கிற இடத்தில் நிற்பதில்லை, அதற்கும் வருடா வருடம் வயது ஏறுகிறது, வயது ஏற ஏற அதற்கு ஒரு மரியாதையும் வந்துவிடுகிறது, அதைத் தொடத் தைரியம் வருவதில்லை. அப்பா அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. அண்ணாச்சி பார்க்கும்போதெல்லாம், அது உனக்குத்தான் வில்பிரட்டு, பத்திரமா இருக்கு என்பார். தொற்காளின் இடத்தில் அவர் போய்ப் படுக்க வேண்டும், அதற்கும் ஜெபம் பண்ணி மணியடிப்பார்கள். கண்ணாடியில் எமீமா தலைகுனிந்திருந்தாள். அவள் எழுந்து கிராதிக்குப் போகவில்லை, போகமாட்டாள், வேறு சபை நற்கருணையை அவள் சபை அனுமதிப்பதில்லை. இந்தக் கோயிலில் இன்று நற்கருணை வாங்காத பெரியவர்கள் இரண்டே பேர், மாமாவும் மருமகளும். ஒருத்தி விசுவாசத்தால் வாங்கவில்லை. இந்த எண்ணம் வந்ததும் அவர் அவசரமாக அதை விட்டு நகர்ந்தார்.

நேற்று மத்தியானம் வந்தாள். கோயம்புத்தூரிலிருந்து, தனியாக, அந்த முந்திரிக்கொத்து டப்பாவோடு. மாமி போன பிறகு வீடு இப்படித்தான் இருக்கா மாமா என்று கேட்டுக்கொண்டே தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள், பாத்திரங்களை விளக்கினாள். இந்தத் தடவை உங்க கோயிலுக்கு வரப்போறேன், நீங்க வாசிச்சுக் கேட்டு எவ்வளவு நாளாச்சு என்றாள். சின்னப் பிள்ளையில் அவளுக்கு அவர்தான் இந்த ஆர்கனில் விரல் பழக்கினார். கால் எட்டாது, அவர் மிதிப்பார், அவள் வாசிப்பாள். இப்போது அவள் சபையில் அவள்தான் கீபோர்டு. தேநீர் ஆறிக்கொண்டிருக்கும்போது, தலையை நிமிர்த்தாமல், அம்மா கடைசில இந்தக் கோயிலுக்குத் திரும்பணும்னு ஏதும் கேட்டாங்களா மாமா, உள்ளதைச் சொல்லுங்க என்றாள். கமிட்டி அன்று திறந்து பிடித்த கதவு இன்னொரு முறை திறந்தது. இவ்வளவு காலம் கழித்து, கேட்க உரிமையுள்ள ஒரே ஒருத்தி, அவர் வீட்டு அடுக்களையிலேயே. இல்லம்மா, என்றார் அவர், அப்படி ஒண்ணும் கேக்கல. அதே வார்த்தைகள், பாடம் பண்ணி வைத்ததுபோல. அவள் முகம் தெளிந்தது. எனக்குத் தெரியும் மாமா, அம்மா கடைசிவரைக்கும் உறுதியா நின்னாங்கன்னுதான் நான் சபையில சாட்சி சொல்லுதேன், எனக்கு விசுவாசத்துல ஆட்டம் வரும்போதெல்லாம் அம்மாவைத்தான் நினைச்சுக்கிடுவேன் என்றாள். அப்போது வில்பிரட்டுக்கு உள்ளே ஏதோ இறங்கி உட்கார்ந்ததுபோல இருந்தது. இனி உண்மையைச் சொன்னால் அது இவளை உடைக்கும். எனவே சொல்லக் கூடாது. எனவே சொல்லாததுதான் அன்பு. ராத்திரி வருடம் பிறக்கிற ஆராதனைக்கு வாசித்துவிட்டு வந்து, வெகு காலத்துக்குப் பிறகு, அடித்துப்போட்டதுபோல் தூங்கினார். காலையில் எழுந்தபோது அந்தத் தூக்கம்தான் அவரைப் பயமுறுத்தியது. அவ்வளவு நல்ல தூக்கம். பாவம் இத்தனை வருடம் முள்ளாக இருந்தது, ஒரே ராத்திரியில் மெத்தையாகிவிட்டது.

அப்படியானால் இனி ஒன்றுமில்லை, வாசித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியின் வலது ஓரம் காலியாக இருந்தது. பெஞ்சில் அவள் இல்லை. வெளியே போய்விட்டாளா, போனால் நல்லது, ஏன் நல்லது. ஸ்டூல் லேசாக அசைந்தது, பக்கத்தில் வெள்ளைச் சேலை வந்து உட்கார்ந்தது, சோப்பு வாசனை. பாடகர் குழு கடைசியாகக் கிராதிக்குப் போய்க்கொண்டிருந்தது. மாமா, நீங்க போங்க, என்றாள் எமீமா, காதுக்கு மட்டும். நான் வாசிக்கேன். அவர் தலையை அசைத்தார். சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் எடுத்தார். சாப்பிட்டது அவள் கொடுத்ததை. உங்க சபைல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா, என்றார். வாசிக்கதுக்குச் சபை ஏது மாமா, என்றாள் அவள். பாத்துக்கிட்டே இருந்தேன், எல்லாரும் போறாங்க, உங்கள ஒருத்தரும் கூப்பிடல. எப்பவும் இப்படித்தானா. சொல்லிக்கொண்டே இடது கையை அவருடைய இடது கைக்குப் பக்கத்தில் வைத்தாள், அவர் விட்ட கட்டையை அவள் பிடித்தாள், பிறகு வலது கை, சத்தத்தில் ஒரு கீறல் விழவில்லை. கடைசியில் கால். அவர் ஒரு காலை எடுக்க அவள் ஒரு காலை வைத்தாள். இப்போது அவளுக்குக் கால் எட்டியது. அவர் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று, ஸ்டூலில் இரண்டு பேருக்கு இடமில்லை.

எழுந்து நின்ற மனிதனுக்கு ஒளிய இடமில்லை. கோயில் முழுவதும் அவரைப் பார்த்தது, கண்ணாடியில் இல்லாமல் நேராக, பெரிது பெரிதாக, முகங்களோடு. லாசர் அண்ணாச்சி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், இத்தனை வருடம் கழித்து நம்ம மாஸ்டருக்கு ஒரு விடுதலை என்று நினைத்திருப்பார். இடது பக்கம் உள்ளறைக் கதவு. அதன் வழியாகப் போனால் புறவாசல், வேப்பமரம், செருப்பு, வீடு. வயிறு சரியில்லை என்று சொன்னால் நம்புவார்கள். வலது பக்கம் கிராதி. அவர் கிராதிக்குப் போனார். தைரியத்தால் இல்லை, அத்தனை கண்கள் அந்தப் பக்கம்தான் தள்ளின. குழுவின் வரிசையில் கடைசி ஆளாக முழங்கால் போட்டபோது மூட்டு வலித்தது, மரத்தில் அவர் நெஞ்சு உயரத்துக்கு நூற்றுக்கணக்கான கைகள் தேய்த்த வழவழப்பு. கிதியோன் ஐயர் மறு முனையிலிருந்து ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தார். வாங்கிவிடலாம். வாங்கிவிடுவதுதான் லேசு. வாயைத் திறந்து சொல்வதைவிட வாயைத் திறந்து தின்பது லேசு, வாய் கோணாது, ஒன்றும் ஆகாது, நாளை இன்னும் நன்றாகத் தூங்கலாம். பின்னால் எமீமா வாசித்தாள். அவர் சொல்லிக்கொடுத்த இடத்தில் நிறுத்தி, அவர் சொல்லிக்கொடுத்த இடத்தில் மூச்சுவிட்டு, தொற்காள் பாடியபடி. பயிற்சி, நேரமில்லை, ஐயரிடம் சொல்ல மறந்துவிட்டேன் – இந்தக் காரணங்களை இத்தனை வருடம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார், முழங்காலில் இருக்கும்போது அவை ஒவ்வொன்றாகச் சரிந்து விழுந்தன, அடியில் கிடந்தது ஒன்றுதான். அவர் மறக்கவில்லை. ஐயர் தேநீர் கிளாசை வைத்த ஒவ்வொரு சாயங்காலமும் அவள் கேட்டது ஞாபகம் வந்தது. கிடக்கட்டும் என்று நினைத்தார். என் குரலை எடுத்துக்கொண்டு கொட்டகையில் போய்ப் பாடினாளே, இப்போது இந்தக் கோயில் வேண்டுமா, கொஞ்சம் காத்துக் கிடக்கட்டும், இன்னொரு தடவை கெஞ்சிக் கேட்கட்டும். அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை. அவளுக்கு அண்ணன் சொன்னால் சொன்னதுதான், கூட்டிக்கொண்டு வருவான் என்று கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பாள்.

ஐயரின் வெள்ளை அங்கி பக்கத்து ஆளுக்கு முன்னால் வந்து நின்றது. வில்பிரட் கிராதியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழங்கால் போட்டவன் வாங்காமல் எழுந்து போவது அந்தக் கோயில் பார்த்திராத காரியம். ஐயரின் கை அப்பத்தோடு பாதியில் நின்றது, சார், என்றார் மெதுவாக. வில்பிரட் ஆர்கனை நோக்கி நடந்தார். எமீமா கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திரும்பி, என்ன மாமா, அதுக்குள்ளயா, என்று சிரித்தாள். அவள் கைகள் வாசித்துக்கொண்டிருந்தன. வாசிக்கும்போதே சொல்லிவிட வேண்டும், நின்றுவிட்டால் சொல்ல முடியாது. அவர் குனிந்தார். உங்கம்மா கேட்டா எமீமா, என்றார். ஐயரக் கூட்டிட்டு வரச் சொன்னா. இந்தக் கோயில் நற்கருணை வாங்கணும்னு கேட்டா. நான்தான் கூட்டிட்டுப் போகல. கமிட்டி கேட்டப்பவும் இல்லன்னு சொல்லிட்டேன்.

கட்டைகளிலிருந்து கைகள் விலகின. கால்கள் மட்டும் பழக்கத்தில் இன்னும் இரண்டு தரம் மிதித்தன, உள்ளே துருத்தி வெறுமே காற்றை இழுத்து விட்டது, பாட்டில்லாத மூச்சுபோல. கோயிலில் யாரோ இருமினார்கள். எமீமா முன்னாலிருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, கோபப்படவுமில்லை, கணக்குப் பரீட்சையில் ஒரு வரியைத் திரும்பப் போட்டுப் பார்க்கிற பிள்ளையின் முகமாக இருந்தது. எதையெல்லாம் போட்டுப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. உடைமரங்களுக்கு நடுவிலிருக்கும் மேடு, சபையில் எழுந்து நின்று சொன்ன சாட்சிகள், காத்துக் கிடந்த அம்மா, நேற்றைய தேநீர். பிறகு தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

நேத்து கேட்டேனே மாமா, என்றாள்.

அவ்வளவுதான். எழுந்து, பெஞ்சுக்குப் போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு நடுவழியாக நடந்தாள். வில்பிரட் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூல் சூடாக இருந்தது. ஜனங்கள் கடைசிப் பாட்டுக்கு எழுந்து புத்தகத்தைத் திறந்துகொண்டு காத்திருந்தார்கள், வாசிக்க வேறு ஆளில்லை, கால்களை வைத்தார். மனம் லேசாகும் என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். லேசாகவில்லை. முந்திரிக்கொத்து இன்னும் பல்லிலேயே இருந்தது. கண்ணாடியில் வெள்ளைச் சேலை சின்னதாகி, இன்னும் சின்னதாகி, வாசல் வெயிலில் கலந்துபோயிற்று. அவள் திரும்பிப் பார்த்தாளா என்று அந்தக் கண்ணாடியில் சொல்ல முடியாது. கிராதிக்கு உள்ளே கிதியோன் ஐயர் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெபித்துப் பிரித்த அப்பத்தை வெளியே போடக் கூடாது, மீந்ததை ஐயரே உட்கொண்டுவிட வேண்டும் என்பது முறை. அவர் ஒருமுறை ஆர்கன் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு பீடத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, தட்டில் இருந்த அந்த ஒரு துண்டை எடுத்துத் தம் வாயில் போட்டுக்கொண்டார், தட்டைத் துணியால் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். வில்பிரட் முதல் அடியை எடுத்துக் கொடுத்தார். ஜனங்கள் பாடினார்கள். டெனர் இழுத்தது.